பாட்டி யூதர், பேத்தி இஸ்ரேல் போக முடியுமா?

வார்சாவிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: அம்மாவின் அம்மா, போர்க்காலத்தில் கத்தோலிக்கப் பெயரில் ஒளிந்து பிழைத்த யூதர். அவர் இறந்த பிறகுதான் குடும்பத்தில் விஷயம் தெரிந்ததாம். பாட்டியின் பத்திரங்கள் உள்ள தகரப் பெட்டியைச் சித்தி தர மறுக்கிறார். சித்தி மீது வழக்குப் போடலாமா, லோட்ஸ் நகரத்து வீடு திரும்பக் கிடைக்குமா, இஸ்ரேலில் குடியேறலாமா என்று கேட்கிறார்.

இந்த விஷயத்தை உங்களிடம் மறைத்ததற்குச் சித்தி மீது வழக்குக் கிடையாது. வீட்டையும் விடுங்கள், 2021இல் போலந்து கொண்டுவந்த திருத்தத்துக்குப் பின், வீடுகளை அரசு எடுத்துக்கொண்டது போன்ற, 30 ஆண்டு தாண்டிய நிர்வாக உத்தரவுகளை அசைக்க முடியாது.

யூதர்களுக்கு இஸ்ரேலில் குடியேறும் உரிமை தரும் 'திரும்பும் சட்டத்தின்' 1970 திருத்தம் பேரக்குழந்தைக்கும் உரிமை தருகிறது. நீங்கள் முக்கியமாகக் காட்ட வேண்டியது: பாட்டியின் பிறப்புப் பதிவில் உள்ள யூதப் பெயரும் பின்னால் வந்த கத்தோலிக்கப் பெயரும் ஒரே ஆளுடையவை. போருக்குப் பின் பலர் ஒளிவுப் பெயரையே சட்டப்படி நிலைக்க வைத்துக்கொண்டார்கள். அந்தப் பெயர்மாற்ற உத்தரவு கிடைத்தால் இரண்டு பெயரும் ஒரே தாளில் இருக்கும். வார்சாவின் யூத வரலாற்று நிறுவனத்தில், உயிர்தப்பியவர்களைப் பதிந்த அட்டைகளையும் தேடச் சொல்லுங்கள்.

அம்மா வழி என்பதால் உங்கள் கை ஓங்கியிருப்பதாக நினைக்கிறீர்கள். மாட்டிக்கொள்வதும் அங்கேதான். யூதத் தாய்க்குப் பிறந்தவர் என்றால் அந்தச் சட்டத்தின் கண்ணில் நீங்களே யூதர். யூதராக இருந்து விரும்பி மதம் மாறியவருக்கு இந்த உரிமை இல்லை. நாஜிகள் யூதர்களை அடைத்துவைத்த மிர் ஊர் கெட்டோவிலிருந்து நூற்றுக்கணக்கானவர்களைத் தப்பவைத்த யூதர் ஆஸ்வால்ட் ரூஃபைசென், பிறகு கத்தோலிக்கத் துறவியானதால், யூதர் என்ற உரிமை கேட்டு 1962இல் இஸ்ரேல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றார். அவருக்கே அந்தக் கதி. கைக்குழந்தையில் பெற்ற ஞானஸ்நானம் நீங்களாகத் தேடியதல்ல என்று வாதிடலாம். விஷயம் தெரிந்த பின் செய்ததற்கு அந்தச் சாக்கு எடுபடாது. என்னிடம் வழக்குக்கு வந்த கட்சிக்காரர் ஒருவர், பெயர்கள் பொருந்திய கையோடு கத்தோலிக்கக் கோயிலில் கல்யாணம் செய்தார். விண்ணப்பத்தில் 'மதம் இல்லை' என்று எழுதினார். பங்குக் கோயில் பதிவேட்டில் அவர் கையெழுத்து, தேதியோடு இருந்தது. பொய்த் தகவலில் வாங்கிய குடியுரிமையைப் பிறகு ரத்தும் செய்யலாம். அதனால் இப்போதைக்கு எதிலும் கையெழுத்து வேண்டாம். ஞாயிறு பூசைக்குத் தொடர்ந்து போகிறவரா நீங்கள்? அதை முதலில் உங்கள் வக்கீலிடம் சொல்லுங்கள்.

சித்தியிடம் சமாதானமாகப் போங்கள். வழக்கு என்ற சொல் காதில் விழுந்தால் பெட்டி அடுப்புக்குள் போய்விடும், நான் பார்த்திருக்கிறேன். பாட்டியின் நகையோ மரச்சாமானோ கேட்டால் கொடுத்துவிடுங்கள். அசல்கள் அவரிடமே இருக்கட்டும். நோட்டரியைக் கூட்டிப்போய்ச் சான்றிட்ட நகல்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.