கணினி கேள்வி பதில்: பேட்டரி மாற்றினேன், இப்போது விண்டோஸ் வரவில்லை

கேள்வி: ஐயா, எங்கள் வீட்டு டெஸ்க்டாப் பழையது, விண்டோஸ் 7 ஓடுகிறது. கடிகாரம் அடிக்கடி பின்தங்கியதால், பிளக்கைப் பிடுங்கிவிட்டு மதர்போர்டில் உள்ள பட்டன் பேட்டரியை நானே மாற்றினேன். அதிலிருந்து ஆன் செய்தால் ‘சிமாஸ் செக்சம் எரர், டிஃபால்ட்ஸ் லோடட்’ என்று வருகிறது. எஃப்1 அழுத்தினால் விண்டோஸ் சின்னம் தெரிகிறது. உடனே நீலத் திரை ஒன்று மின்னி மறைந்து, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கிறது. பேட்டரி போலியா, ஹார்ட் டிஸ்க் போய்விட்டதா? தெரிந்த பையன் ஃபார்மட் பண்ணிவிடலாம் என்கிறான். பேத்தியின் படங்கள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. (ஓய்வு பெற்ற ஆசிரியை)

பதில்: அம்மா, அந்தப் பையனிடம் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். ஃபார்மட் வேண்டாம். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் டிஸ்க்கில் கோளாறு இருப்பதாகத் தெரியவில்லை, பேட்டரியும் நல்லதாகவே இருக்கலாம்.

அந்தப் பட்டன் பேட்டரி கடிகாரத்துக்கு மட்டும் அல்ல. 1984-இல் ஐபிஎம் வெளியிட்ட பிசி ஏடி கம்ப்யூட்டரில் கடிகாரத்துக்கென்று மோட்டோரோலாவின் சிப் ஒன்று இருந்தது. அதன் நினைவகம் மொத்தம் 64 பைட். அதில் 14 பைட் நேரத்துக்குப் போக, மீதி 50 பைட்டில் பயாஸ் (ஆன் செய்ததும் விண்டோஸுக்கு முன்னால் ஓடும் தொடக்க நிரல்) செட்டிங்குகளை எழுதி வைத்தார்கள். அந்த ஏற்பாடுதான் உங்கள் மதர்போர்டு வரை தொடர்கிறது. பிளக் செருகியிருக்கும்போது கரண்ட் அந்த நினைவைக் காப்பாற்றும், பிடுங்கினால் பேட்டரி காப்பாற்றும். நீங்கள் பிளக்கையும் பிடுங்கி (அது சரிதான், பிடுங்காமல் உள்ளே கை வைக்கக் கூடாது) பேட்டரியையும் எடுத்ததால் அந்த செட்டிங்குகள் எல்லாம் அழிந்துவிட்டன. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் ஆள் மாதிரி, எது எங்கே இருக்கிறது என்று தெரியாமல் நிற்கிறது உங்கள் கம்ப்யூட்டர். சிமாஸ் என்பது அந்தச் சின்ன நினைவகம்தான், செக்சம் எரர் என்பது அந்த மறதியின் அறிவிப்பு. பேட்டரி மாற்றியதும் பெரும்பாலும் ஒருமுறை அது வரும். எஃப்1 அழுத்துவது ‘பரவாயில்லை, மறந்தபடியே போ’ என்று சொல்வதற்குச் சமம். பலரும் அங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

எனவே எஃப்1 வேண்டாம். ஆன் செய்ததும் டெலிட் விசையைத் தட்டித் தட்டி பயாஸ் செட்டப்புக்குள் போங்கள். சில கம்பெனிகளில் அது எஃப்2 அல்லது எஃப்10, திரையின் அடியிலேயே எழுதியிருக்கும். முதலில் தேதி, நேரம். அடுத்து ஃப்ளாப்பி: பல பழைய பயாஸ்கள் இல்லாத ஃப்ளாப்பி டிரைவை இருப்பதாக நினைத்துக்கொண்டு ‘ஃப்ளாப்பி டிஸ்க் ஃபெயில்’ என்று புலம்பும். டிரைவ் ஏ என்ற இடத்தில் ‘நன்’ (இல்லை) என்று வைத்தால் அடங்கிவிடும். அப்புறம் பூட் வரிசையில் (விண்டோஸை எந்த டிஸ்க்கில் முதலில் தேடுவது என்ற பட்டியல்) உங்கள் ஹார்ட் டிஸ்க் முன்னால் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு டிஸ்க் உள்ளவர்களுக்கு இது ரொம்ப முக்கியம்.

உங்கள் நீலத் திரைக்குக் காரணம் பெரும்பாலும் இவற்றில் எதுவுமில்லை, சாட்டா மோட் (மதர்போர்டு ஹார்ட் டிஸ்க்குடன் எந்த முறையில் பேச வேண்டும் என்பது) என்ற ஒரே ஒரு வரிதான். ஸ்டோரேஜ் அல்லது இன்டக்ரேட்டட் பெரிஃபெரல்ஸ் என்ற பக்கத்தில் இருக்கும். ஐடிஇ (பழைய முறை), ஏஎச்சிஐ (புதிய முறை), சிலவற்றில் ரெய்டு (பல டிஸ்க்குகளைச் சேர்த்து நடத்தும் முறை) என்றும் தேர்வுகள் இருக்கும். விண்டோஸ் 7 எந்த மோடில் இன்ஸ்டால் ஆனதோ அந்த மோடுக்கான டிரைவரைத்தான் (டிஸ்க்கை இயக்கும் நிரல்) தொடக்கத்தில் ஏற்றும், மற்றதை முடக்கி வைத்திருக்கும். மெஷினை அசெம்பிள் செய்தவர் அன்று ஏஎச்சிஐ வைத்து இன்ஸ்டால் செய்திருப்பார், இப்போது டிஃபால்ட் ஐடிஇ ஆகியிருக்கும், அல்லது இதற்கு நேர்மாறாக. பாதி தூரம் வந்த விண்டோஸுக்குத் தன் டிஸ்க்கே தெரியாமல் போகிறது. இப்போது இருப்பதை ஒரு தாளில் குறித்துக்கொண்டு மற்றதற்கு மாற்றி, எஃப்10 அழுத்தி சேவ் செய்து பாருங்கள். ஏஎச்சிஐக்கும் ஐடிஇக்கும் இடையே மாற்றுவதால் படங்கள் அழியாது. ரெய்டு பக்கத்தில் ‘கிரியேட் அரே’ என்று ஏதாவது கேட்டால் மட்டும் ‘வேண்டாம்’ சொல்லி வெளியே வந்துவிடுங்கள், அது டிஸ்க்கைத் துடைத்துவிடும்.

சந்தேகத்தை உறுதிசெய்ய ஒரு வழி உண்டு. விண்டோஸ் சின்னம் வருமுன் எஃப்8 தட்டி, வரும் பட்டியலில் ‘டிஸேபிள் ஆட்டோமேட்டிக் ரீஸ்டார்ட்’ என்ற வரியைத் தேர்ந்தெடுங்கள். நீலத் திரை மறையாமல் நிற்கும். ‘ஸ்டாப்’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் வரிசையாகப் பூஜ்யங்கள் வந்து 7பி என்று முடிந்தால், பெரும்பாலும் குற்றவாளி அந்த சாட்டா வரிதான். இந்த ஒரு வரிக்காக ஃபார்மட் செய்யப்பட்டு, பிறகு படங்களை மீட்டுத் தரச் சொல்லி என் மேஜைக்கு வந்த கம்ப்யூட்டர்கள் கொஞ்சநஞ்சமல்ல.

எல்லாம் சரியாகி, மறுநாள் மறுபடி செக்சம் எரர் வந்தால்தான் பேட்டரிப் பக்கம் திரும்ப வேண்டும். எழுத்தும் கூட்டல் குறியும் உள்ள முகம் மேலே தெரிகிறதா? எண் சிஆர்2032 தானா? சிஆர்2025-உம் அதே 20 மில்லிமீட்டர் வட்டம்தான், ஆனால் தடிமன் 3.2-க்குப் பதில் 2.5. ஹோல்டரில் உட்கார்ந்துவிடும், அடியிலுள்ள தகட்டைச் சரியாகத் தொடாமலும் போகலாம். எல்ஐஆர்2032 என்றால் அது சார்ஜ் ஏற்றும் வகை, வோல்டேஜ் அதிகம், இங்கே போடவே கூடாது. மல்டிமீட்டர் இருந்தால் புதிய பேட்டரி 3 வோல்ட்டுக்குச் சற்று மேலே காட்ட வேண்டும். பக்கத்திலேயே மூன்று ஊசியில் இரண்டை மூடியபடி ஒரு சின்ன பிளாஸ்டிக் தொப்பி இருக்கும், அதுதான் செட்டிங்கை அழிக்கும் ஜம்பர். யாராவது அதை நகர்த்தி ‘கிளியர்’ பக்கம் விட்டிருந்தால் எந்தப் பேட்டரி போட்டும் பயனில்லை.

கழற்றிய பேட்டரியை மேஜையிலேயே வைத்திருந்தால் இப்போதே எடுத்துவிடுங்கள். பேத்தி வருகிற வீடு. குழந்தை விழுங்கினால், சக்தி தீர்ந்த லித்தியம் பட்டன்கூட உணவுக்குழாயை 2 மணி நேரத்திலேயே புண்ணாக்கிவிடும்.

கேள்வி: பேட்டரி மாற்றிய பின் ‘கீபோர்டு நாட் டிடெக்டட், பிரஸ் எஃப்1’ என்கிறது. இல்லாத கீபோர்டில் எப்படி சார் எஃப்1 அழுத்துவது?

பதில்: அந்த வரியை எழுதிய புண்ணியவானை நானும் தேடிக்கொண்டிருக்கிறேன். உங்களுடையது யுஎஸ்பி கீபோர்டாக இருக்க வேண்டும். டிஃபால்டில் ‘யுஎஸ்பி லெகசி சப்போர்ட்’ அணைந்திருந்தால், விண்டோஸ் வரும்வரை பயாஸுக்கு அது தெரியாது. முதலில் பின்பக்கத்தில் நீல நிறமில்லாத துளையில் செருகிப் பாருங்கள். முடியாவிட்டால் ஊதா நிற வட்டத் துளையில் செருகும் பழைய பிஎஸ்2 கீபோர்டு ஒன்றை இரவல் வாங்குங்கள். கம்ப்யூட்டர் அணைந்திருக்கும்போதுதான் அதைச் செருக வேண்டும். உள்ளே போய் அந்த சப்போர்ட்டை ‘எனேபிள்’ செய்தால் இரவலைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

கேள்வி: கம்ப்யூட்டர் நன்றாக ஓடுகிறது, ஆனால் எந்த இணையதளத்துக்குப் போனாலும் பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாது என்கிறது.

பதில்: வலது மூலையில் வருஷத்தைப் பாருங்கள். சான்றிதழ் ஒவ்வொன்றுக்கும் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. உங்கள் கம்ப்யூட்டர் 2009-இல் உட்கார்ந்திருந்தால், அதன் கணக்கில் இன்றைய சான்றிதழ்கள் இன்னும் பிறக்கவே இல்லை. தேதியைத் திருத்தினால் போதும். திருத்திய பிறகும் சில தளங்கள் மறுத்தால் பிரவுசரைப் புதுப்பியுங்கள்.

கேள்வி: பேட்டரியை மாற்றி மூடினேன். இப்போது திரையில் ஒன்றுமே வரவில்லை, நீளமாக ‘பீப்’ ஒலி மட்டும் விட்டுவிட்டு வருகிறது.

பதில்: இது செட்டிங் விவகாரம் இல்லை, கை பட்ட விவகாரம். பல போர்டுகளில் பேட்டரி கிராபிக்ஸ் கார்டின் அடியில் ஒளிந்திருக்கும். அதைக் கழற்றியோ, இடுக்கில் விரல் விட்டோதான் எடுத்திருப்பீர்கள். பிளக்கைப் பிடுங்கி, கேபினெட்டின் பெயின்ட் இல்லாத இரும்பைத் தொட்டுவிட்டு, ரேமை எடுத்து இரு பக்கக் கொக்கியும் ‘க்ளிக்’ ஆகும்வரை அழுத்திப் பொருத்துங்கள். கிராபிக்ஸ் கார்டையும் அப்படியே. ஹார்ட் டிஸ்க்கின் சாட்டா கேபிளையும் இரு முனையிலும் ஒருமுறை அழுத்திவிடுங்கள். பழைய கேபிள்களில் பூட்டும் கொக்கி கிடையாது, முழங்கை பட்டாலே நழுவும். அதன் பிறகும் பீப் நிற்காவிட்டால், இரண்டு ரேம் இருந்தால் ஒன்றை மட்டும் வைத்து மாற்றி மாற்றி ஆன் செய்து பாருங்கள்.