செயின்ட்ஸின் கடன் கணக்கு: கேப், டெட் மணி, அடுத்த குவாட்டர்பேக் – கேள்வி பதில்

அமெரிக்கக் கால்பந்து லீக்கான NFL-இல் ஆடும் நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் அணியின் குவாட்டர்பேக் (பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர்) டெரெக் கார் 2025 மே மாதம் ஓய்வை அறிவித்ததும் வந்து குவிந்த கேள்விகளில் சில.

கேள்வி: வருடா வருடம் செயின்ட்ஸ் சம்பள வரம்பை (கேப்) தாண்டிவிட்டார்கள் என்று செய்தி வருகிறது. மார்ச் வந்தால் எல்லாம் சரியாகிவிடுகிறது. இந்த கேப் என்பதே கண்துடைப்பா சார்?

கண்துடைப்பு இல்லை. 2025க்கு அணி ஒன்றுக்கு 279.2 மில்லியன் டாலர் வரம்பு. மார்ச்சில் புது லீக் வருடம் பிறக்கும்போது 32 அணிகளும் வரம்புக்குள் இருந்தே ஆக வேண்டும். செயின்ட்ஸ் அதைத் தவணை முறையில் சமாளிக்கிறார்கள்.

ஒரு வீரருக்கு இந்த வருடச் சம்பளம் 21 மில்லியன் என்று வையுங்கள். அதில் 20 மில்லியனை போனஸாக மாற்றி உடனே கையில் கொடுத்துவிடுகிறார்கள். வீரருக்கு ஒரு பைசா நஷ்டமில்லை. ஆனால் கேப் கணக்கில் போனஸை ஐந்து வருடம் வரை பிரித்து எழுதலாம். வருடத்துக்கு 4 மில்லியன். ஆக, இந்த வருடம் 21க்குப் பதில் 5 மில்லியன்தான் கணக்கில் ஏறும். 16 மில்லியன் மிச்சம். இதுதான் ரீஸ்ட்ரக்சர். அடுத்த வருடமே அந்த ஆளை அனுப்பினால், மிச்சமிருக்கும் 16 மில்லியனும் மொத்தமாக அந்த வருடத் தலையில் விழும். ஆள் இல்லை, செலவு மட்டும் நிற்கிறது. அதுதான் டெட் மணி. ஜூன் 1க்குப் பிறகு விடுவித்ததாகக் காட்டினால் விடுவித்த வருடத்தில் 4, அதற்கடுத்த வருடத்தில் 12. அவ்வளவுதான் சலுகை.

கேள்வி: ஒப்பந்தத்தில் இரண்டு வருடம்தான் பாக்கி என்றால் ஐந்தாக எப்படிப் பிரிப்பார்கள்?

வாய்ட் இயர்ஸ். வீரர் ஆடப்போவதே இல்லாத வருடங்களைக் காகிதத்தில் மட்டும் சேர்ப்பார்கள். ஒப்பந்தம் காலாவதியாகும் நாளில் பாக்கி அத்தனையும் ஒரே வருடத்தில் ஏறும்.

கேள்வி: இந்தச் சிக்கல் எங்கே ஆரம்பித்தது? ட்ரூ ப்ரீஸ் காலத்திலா?

ஆமாம், ஆனால் அப்போது அதில் நியாயம் இருந்தது. குவாட்டர்பேக்காகக் கையில் ப்ரீஸ், கோப்பைக்கு வாய்ப்பு; வருங்கால வரம்பிலிருந்து கடன் வாங்கினார்கள். கோவிட் வந்து மைதானங்கள் காலியானதும் வரம்பு 2020இன் 198.2 மில்லியனிலிருந்து 2021இல் 182.5க்கு இறங்கியது. செயின்ட்ஸ் ஏறக்குறைய 100 மில்லியன் மேலே நின்றார்கள். ப்ரீஸ் தன் சம்பளத்தை 25 மில்லியனிலிருந்து 1.075 மில்லியனாகக் குறைத்துக்கொண்டு ஓய்வு பெற்றார். குளறுபடி அதற்குப் பிறகுதான். குவாட்டர்பேக் போன பிறகும் அதே மாதிரி கடன் வாங்கினார்கள். 2021 முதல் பலன் (வெற்றி-தோல்வி): 9-8, 7-10, 9-8, கடைசியாக 2024இல் 5-12. ஒரு பிளேஆஃப் (கோப்பைக்கான நாக்அவுட் சுற்று) கூட இல்லை.

கேள்வி: கார் ஓய்வு பெற்றது அணிக்கு லாபமா, நஷ்டமா?

பண விஷயத்தில் கொஞ்சம் லாபம். 2023இல் 4 வருடத்துக்கு 150 மில்லியன் என்று கையெழுத்தானது. 2025 மார்ச்சில் அதையும் ரீஸ்ட்ரக்சர் செய்தார்கள். தோள்பட்டைக் காயத்தால் விலகியபோது 30 மில்லியன் சம்பளத்தை அவர் விட்டுக்கொடுத்தார். அறுவை சிகிச்சை செய்துகொண்டு காயப் பட்டியலில் உட்கார்ந்தபடியே அதை வாங்கியிருக்கலாம். பழைய போனஸின் பாக்கி மட்டும் டெட் மணியாக வரும். வாஷிங்டன் அணிக்கு அனுப்பிய மார்ஷான் லாட்டிமோருக்கே 2025 கணக்கில் 30 மில்லியனுக்கு மேல் டெட் மணி நின்றது. அவர் வேறு ஜெர்சியில் ஆட, பில் இங்கே.

கேள்வி: அண்ணே, பிலடெல்பியா ஈகிள்ஸும் இதே வாய்ட் இயர்ஸ் வேலையைத்தானே செய்கிறார்கள்? அவர்களை மட்டும் ஏன் புத்திசாலி என்கிறோம்?

சரியான கேள்வி. இங்கேதான் எனக்கும் பலருக்கும் தகராறு. கருவி ஒன்றேதான். ஈகிள்ஸின் மேலாளர் ஹோவி ரோஸ்மன் அதை இருபதுகளில் இருக்கும் ஆட்களுக்குப் பயன்படுத்துகிறார். வரம்பு ஏற ஏற பழைய தவணை சிறுத்துப்போகும். 2025 பிப்ரவரியில் சூப்பர் பவுல் இறுதிப் போட்டியில் கான்சஸ் சிட்டி சீஃப்ஸை 40-22 என்று அடித்ததும் அந்த அணிதான். 2025இல் செயின்ட்ஸில் இருந்த கேமரன் ஜோர்டன், டெமாரியோ டேவிஸ் இருவருமே 1989இல் பிறந்தவர்கள். நல்ல ஆட்டக்காரர்கள், மறுக்கவில்லை. ஆனால் தவணை முடியும்முன் கால் ஓய்ந்துவிடும்.

கேள்வி: எல்லாரையும் வெட்டிவிட்டு ஒரே வருடத்தில் முடித்தால் என்ன?

பலரை வெட்டினால் வைத்திருப்பதைவிடச் செலவு கூடும், அதனால் ஒரே வருடத்தில் முடியாது. ஆனால் வலியைத் தாங்கும் தைரியம் இருந்தால் வெளியே வரலாம். டென்வரைப் பாருங்கள்: குவாட்டர்பேக் ரஸ்ஸல் வில்சனை விடுவித்து 53, 32 என இரண்டு வருடத்தில் 85 மில்லியனை விழுங்கினார்கள். அதே 2024இல் புதுப் பையன் போ நிக்ஸை வைத்து 10-7, பிளேஆஃப். அங்கே பயிற்சியாளர் யார் தெரியுமா? செயின்ட்ஸில் இருந்த நம்ம ஷான் பேட்டன்தான்!

கேள்வி: புது குவாட்டர்பேக் டைலர் ஷக் தேறுவாரா?

2025 டிராஃப்டில் (புதிய வீரர்களை அணிகள் வரிசையாக எடுக்கும் தேர்வு) 40ஆவது இடத்தில் எடுத்தார்கள், அப்போது வயது 25. புதியவருக்கு அதிகம். ஆனால் இரண்டாம் சுற்று ஒப்பந்தம் மலிவு, அதுவும் நான்கு வருடத்துக்கு. 9ஆவது இடத்தில் எடுத்த, எதிரணியைத் தடுக்கும் வரிசைக்காரர் கெல்வின் பேங்க்ஸ் அவருக்கு அரணாக நிற்பார். என் யோசனை: ஷக், இன்னொரு இளம் குவாட்டர்பேக் ஸ்பென்சர் ராட்லர் இருவரையும் ஆடவிட்டுப் பாருங்கள். தோற்றால் தோற்கட்டும், அடுத்த டிராஃப்டில் மேலே இடம் கிடைக்கும். ஜூலையில் யாராவது காயமடைந்தார்கள் என்று முப்பத்தைந்து வயது குவாட்டர்பேக்கைத் தேடி ஓடினால் மட்டும் எனக்குக் கோபம் வரும்.