எண்டோஸ்கோப்பியில் ஒன்றுமே இல்லை என்கிறார்கள். பிறகு சிடிஎச்1 மரபணு மாற்றத்துக்காக இரைப்பையை ஏன் எடுக்கச் சொல்கிறார்கள்?

உங்கள் கேள்வியின் சாரம் இதுதான்: குடும்பத்தில் இரண்டு பேருக்கு இளம் வயதிலேயே இரைப்பைப் புற்றுநோய் வந்திருக்கிறது. உங்கள் ரத்தப் பரிசோதனையில் சிடிஎச்1 மரபணுவில் மாற்றம் தெரிகிறது. எண்டோஸ்கோப்பி சுத்தமாக இருக்கிறது, ஆனாலும் மருத்துவர் அறுவை சிகிச்சை பற்றிப் பேசுகிறார். கேட்கும்போது முரணாகத்தான் தோன்றும். விடை அந்த மரபணு செய்யும் வேலையிலேயே இருக்கிறது என்பதால் அங்கிருந்து தொடங்குகிறேன்.

சிடிஎச்1 நமது 16-ஆம் குரோமோசோமில் இருக்கிறது. 882 அமினோ அமிலங்கள் கொண்ட ஈ-கேட்ஹெரின் என்ற புரதத்துக்கான செய்முறை அதில் எழுதப்பட்டிருக்கிறது. இரைப்பை, குடல், மார்பகச் சுரப்பி போன்ற உறுப்புகளின் உள்பூச்சுச் செல்களைப் பக்கத்துச் செல்லோடு பிணைத்து வைக்கும் கொக்கி இந்தப் புரதம். செல்லுக்கு வெளியே ஐந்து கண்ணிகள் சங்கிலிபோல நீண்டிருக்கும். கண்ணிக்கும் கண்ணிக்கும் நடுவே மூன்று மூன்று கால்சியம் அயனிகள் உட்கார்ந்தால்தான் அந்தச் சங்கிலி விறைப்பாக நின்று எதிர்ச் செல்லின் கொக்கியைப் பிடிக்கும். செல்லுக்குள் நீளும் வால் பீட்டா-கேட்டனின், பி120 ஆகிய புரதங்களைப் பிடித்துக்கொண்டு, ஆல்ஃபா-கேட்டனின் வழியாகச் செல்லின் எலும்புக்கூடான ஆக்டின் இழைகளோடு சேர்கிறது.

கால்சியத்தின் பங்கை ஆய்வகத்தில் கண்ணால் பார்க்கலாம். நாயின் சிறுநீரகத்திலிருந்து வந்த எம்டிசிகே செல்களைத் தட்டில் வளர்த்தால், ஓடு பதித்த தரைபோல இடைவெளியே இல்லாமல் பரவும். கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும் இடிடிஏ கரைசலை ஊற்றிவிட்டு மைக்ரோஸ்கோப்பில் பாருங்கள். சில நிமிடங்களிலேயே செல்களின் ஓரங்கள் பளிச்சென்று மின்னும், நடுவே கோடுகோடாக இடைவெளி விழும், ஒவ்வொன்றும் உருண்டு தனியாகும். கால்சியத்தைத் திரும்பக் கொடுத்தால் மறுபடி ஒட்டிக்கொள்ளும். இந்தத் துறைக்குப் புதிதாக வரும் மாணவர்கள் தவறும் இடமும் இதுதான். புரதங்களை வெட்டும் நொதியான டிரிப்சினையும் இடிடிஏவையும் சேர்த்துச் செல்களைப் பிரித்தால், கால்சியம் இல்லாத ஈ-கேட்ஹெரினை டிரிப்சின் வெட்டித் தின்றுவிடும். பிறகு செல்லின் மேற்பரப்பில் ஈ-கேட்ஹெரினே இல்லை என்று தவறான முடிவு வரும். டிரிப்சினோடு 1 மில்லிமோலார் அளவு கால்சியம் இருந்தால் அது தப்பிக்கும்.

வளர்ச்சிக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்றால், பக்கத்துச் செல்லைப் பிடித்திருப்பதே செல்லுக்கு ஒரு செய்தி: இடம் நிரம்பிவிட்டது, இனிப் பெருகாதே. பிடி போனால் அந்தக் கட்டுப்பாடும் தளர்கிறது. எந்தத் திசையில் அடுக்காக நிற்க வேண்டும் என்பதும் செல்லுக்கு மறந்துபோகிறது.

இப்போது இரைப்பைக்கு வருவோம். இந்த மரபணு தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என நம்மிடம் இரண்டு பிரதிகளாக இருக்கிறது. பிறக்கும்போது ஒரு பிரதி மட்டும்தான் பழுது, மற்றொன்று வேலை செய்துகொண்டிருக்கும். என்றோ ஒரு நாள் ஏதோ ஒரு செல்லில் அந்த இரண்டாவது பிரதியும் அணைந்துவிடுகிறது. பெரும்பாலும் மரபணுவின் எழுத்துகள் மாறாமலேயே, அதன் தொடக்கப் பகுதியில் மெத்தில் குழுக்கள் என்ற சிறு வேதிக் குறிகள் ஒட்டி அது மூடப்படுகிறது. கொக்கி இழந்த அந்தச் செல் வரிசையிலிருந்து நழுவி, உள்பூச்சுக்கு அடியில் இருக்கும் மெல்லிய படலத்தில் இறங்குகிறது. உள்ளே சளி நிரம்பி, உட்கரு ஒரு ஓரத்துக்குத் தள்ளப்பட்டு, முத்திரை மோதிரம்போல ஆகிவிடும். சிக்னெட் ரிங் செல் என்று உங்கள் குடும்பத்தாரின் அறிக்கையில் எழுதியிருப்பது இதைத்தான்.

இந்தச் செல்கள் ஒன்றோடொன்று ஒட்டாது. அதனால் கட்டி கட்டுவதில்லை, மேற்பரப்பைப் புண்ணாக்குவதில்லை. தொடக்கக் குவியல்கள் பெரும்பாலும் 1 மில்லிமீட்டருக்கும் குறைவு. அவற்றுக்கு மேலே உள்பூச்சு ஒழுங்காக, இளஞ்சிவப்பாக, எந்தக் குறையும் இல்லாமல் இருக்கும். எண்டோஸ்கோப்பி பார்ப்பது அந்த மேற்பரப்பை மட்டுமே. இதற்காகவே கேம்பிரிட்ஜ் முறை என்று ஒன்று வந்தது. இரைப்பையை நன்றாக விரித்துக் கழுவி, சந்தேகப்படும் வெளிறிய இடங்களில் எல்லாம் திசு எடுத்து, அதற்கு மேலும் ஆறு பகுதிகளில் பகுதிக்கு ஐந்தாக 30 துணுக்குகள் எடுப்பார்கள். குறைந்தது அரை மணி நேரம் ஆகும். அப்படியும் தவறவிடுவது சகஜம். எண்டோஸ்கோப்பி சுத்தம் என்ற அறிக்கையோடு அகற்றப்பட்ட இரைப்பைகளை முழுவதும் நறுக்கிப் பார்த்தபோது பெரும்பாலானவற்றில் இந்த நுண்குவியல்கள் இருந்திருக்கின்றன. ஆகவே உங்கள் அறிக்கையை ‘துணுக்கு எடுத்த இடத்தில் இல்லை’ என்று மட்டும் படியுங்கள். வழக்கமான பத்து நிமிட எண்டோஸ்கோப்பியில் இரண்டு துணுக்கு மட்டும் எடுத்திருந்தால் அதைக் கணக்கிலேயே கொள்ள வேண்டாம், இந்த முறை தெரிந்த இடத்தில் மறுபடி செய்யச் சொல்லுங்கள்.

அதேசமயம், நுண்குவியல் இருந்தால் நாளைக்கே பரவிவிடும் என்றும் இல்லை. பல ஆண்டுகள் அப்படியே கிடப்பவை உண்டு. எது எப்போது விழித்துக்கொள்ளும் என்று முன்கூட்டிச் சொல்ல வழியில்லை என்பதுதான் சிக்கல். அறிகுறி தெரியும்போது நோய் பெரும்பாலும் கைமீறியிருக்கும்.

நியூசிலாந்தின் மாவோரி குடும்பங்களில் இந்தத் தொடர்பு 1998-இல் கண்டுபிடிக்கப்பட்டது. தலைமுறை தலைமுறையாக இளவயதினரை இழந்த குடும்பத்தார் தாங்களே முன்வந்து ஆய்வாளர்களோடு சேர்ந்து உழைத்ததால் கிடைத்த பலன் அது. இன்று உலகெங்கும் இந்த மாற்றம் உள்ளவர்கள் பெறும் எச்சரிக்கை அவர்கள் கொடுத்தது.

முடிவு எடுப்பதற்கு முன் அறிக்கையில் மாற்றத்தின் வகையைப் பாருங்கள். புரதம் பாதியிலேயே அறுந்துபோகும் மாற்றம், பெரிய பகுதி நீங்கியது, மரபணுவின் எக்ஸான் என்ற துண்டுகள் இணையும் இடம் கெட்டது, இவை நோய் தரும் வகையாக உறுதி செய்யப்பட்டிருக்கும். ஒரே ஒரு அமினோ அமிலம் மட்டும் மாறியிருந்தால் பெரும்பாலும் ‘முக்கியத்துவம் உறுதியாகாத மாற்றம்’, அதாவது வி.யு.எஸ். என்று போட்டிருப்பார்கள். வி.யு.எஸ்.ஸை நம்பி இரைப்பையை எடுக்கக் கூடாது. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் திருப்பி வைக்க முடியாத உறுப்பு அது. இன்னொரு குழப்பமும் வரும்: மார்பகக் கட்டியின் திசு அறிக்கையில் ‘ஈ-கேட்ஹெரின் நெகட்டிவ்’ என்று இருந்தால் அது பரம்பரை மாற்றம் என்று பொருளாகாது. பால்சுரப்பி மடல்களின் பெயரால் அழைக்கப்படும் லோபுலார் வகை மார்பகப் புற்றில் சுமார் 90 சதவீதத்தில் அந்தக் கட்டிக்குள் மட்டும் புரதம் தொலைந்திருக்கும். பரம்பரையா என்பதை ரத்தத்திலோ உமிழ்நீரிலோதான் பார்க்க வேண்டும்.

ஆபத்தின் அளவு பற்றிப் பழைய எண்களைப் படித்துப் பயந்திருப்பீர்கள். 2015-இல் வந்த கணக்கு, 80 வயதுக்குள் இரைப்பைப் புற்று வரும் வாய்ப்பு ஆண்களுக்கு 70, பெண்களுக்கு 56 சதவீதம் என்றது. 2019-இல் வந்த ஒரு கணக்கில் அது 42, 33 என்று இறங்கியது. புற்றுநோய் நிறைந்த குடும்பங்களை மட்டுமே முன்பு தேடிப் பிடித்துச் சோதித்ததால் எண்கள் ஊதியிருந்தன. உங்கள் வீட்டில் இரண்டு பேருக்கு ஏற்கெனவே வந்திருப்பதால் நீங்கள் கீழ் எண்ணைப் பிடித்துக்கொண்டு நிம்மதியடைய முடியாது. நோய் தரும் மாற்றம் உறுதியாகி, குடும்பத்திலும் இரைப்பைப் புற்று இருந்தால், 20 முதல் 30 வயதுக்குள் அறுவை சிகிச்சையைப் பரிந்துரைக்கிறது 2020-ஆம் ஆண்டின் சர்வதேச வழிகாட்டி. தள்ளிப்போட விரும்புவோருக்கு ஆண்டுதோறும் மேலே சொன்ன எண்டோஸ்கோப்பி. இரைப்பையில் வாழும் ஹெலிகோபாக்டர் கிருமி இருந்தால் எப்படியும் மருந்து கொடுத்து ஒழித்துவிட வேண்டும்.

அறுவை சிகிச்சை என்றால் முழு இரைப்பையும்தான். ஒரு பகுதியை விட்டுவைத்தால் அந்தப் பகுதியிலும் இதே செல்கள். உணவுக்குழாயை நேராகச் சிறுகுடலோடு இணைப்பார்கள். மேல் வெட்டு ஓரத்தில் இரைப்பையின் உள்பூச்சு துளிகூட மிஞ்சவில்லை என்று அறுவை அறையிலேயே உறையவைத்த திசுவில் சரிபார்க்கிறார்களா என்று முன்கூட்டியே கேளுங்கள்.

அதற்குப் பின் வாழ்க்கை மாறும். எடை கணிசமாகக் குறையும். ஒரு நாளைக்கு ஆறு முறை கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட வேண்டும். சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்காமல் அரை மணி நேரம் தள்ளிக் குடிப்பது நல்லது. இனிப்பு அதிகமானால் குடலுக்குள் சர்க்கரை மொத்தமாகக் கொட்டி, படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கு வரும். ஒன்று முதல் மூன்று மணி நேரம் கழித்து ரத்தச் சர்க்கரை இறங்கி மயக்கமும் வரலாம். பி12 உறிஞ்சத் தேவையான புரதம் இரைப்பையில்தான் சுரக்கிறது என்பதால் பி12 ஊசி ஆயுள் முழுவதும் உண்டு. அமிலம் இல்லாததால் கால்சியம் கார்பனேட் சரியாக உறிஞ்சாது, சிட்ரேட் வகையைக் கேட்டு வாங்குங்கள்.

பெண்களுக்கு மார்பகத்தையும் கவனிக்க வேண்டும். அங்கேயும் இதே கதை: செல்கள் எறும்பு வரிசைபோல ஒற்றை ஒற்றையாகத் திசுவுக்குள் புகும், கையில் தட்டுப்படும் கட்டி உருவாகத் தாமதமாகும், மாமோகிராம் தவறவிடும். 30 வயதிலிருந்து ஆண்டுதோறும் எம்.ஆர்.ஐ. பரிந்துரைக்கப்படுவது அதனால்தான்.

உங்கள் உடன்பிறந்தவர்கள் ஒவ்வொருவருக்கும் இந்த மாற்றம் இருக்கும் வாய்ப்பு சரிபாதி, உங்கள் பிள்ளைகளுக்கும் அப்படியே. அவர்களுக்கு மரபணு முழுவதையும் தேடத் தேவையில்லை. உங்கள் அறிக்கையில் உள்ள அந்த ஒரு மாற்றத்தை மட்டும் தேடச் சொன்னால் போதும், செலவும் குறையும், வி.யு.எஸ். குழப்பமும் வராது. பிள்ளைகள் தாங்களே முடிவெடுக்கும் வயது வரும்வரை பொறுக்கலாம். போகும்போது உங்கள் அறிக்கையின் நகலைக் கையோடு கொண்டுபோகச் சொல்லுங்கள். சிடிஎச்1 என்ற பெயரிலேயே செல் பிரிதலைக் கட்டுப்படுத்தும் வேறொரு புரதமும் உண்டு, அதன் மரபணுவுக்கு எஃப்இசட்ஆர்1 என்று பெயர். இணையத்தில் தேடும்போது அந்தக் கட்டுரைகளும் கலந்து வரும், அவற்றுக்கும் உங்கள் நோய்க்கும் சம்பந்தமில்லை.