ஆன்டிசோஷியல்னா கூச்ச சுபாவம் இல்லைங்க: கேள்வி பதில்

பெங்களூர்ல சைக்கியாட்ரிக் சோஷியல் வொர்க்கரா இருக்கேன். ஆன்டிசோஷியல் பர்சனாலிட்டி டிசார்டர் பத்தி நீங்க கேட்டதுக்கு முடிஞ்ச வரைக்கும் பதில் சொல்றேன்.

கேள்வி: அக்கா, ஒயிட்ஃபீல்டுல ஐடி வேலை. டீம் லஞ்ச், பார்ட்டி எதுக்கும் போக மாட்டேன், எல்லாரும் ஆன்டிசோஷியல்னு சொல்றாங்க. எனக்கு இது இருக்குமா?

பதில்: இல்ல தம்பி, கூட்டம் பிடிக்காதது ஒரு சுபாவம், அவ்வளவுதான். இந்த டிசார்டர்ல ஆளு ஒதுங்கி நிக்கறதில்ல, மத்தவங்க உரிமையை மிதிச்சிட்டு போறாங்க. ஓயாம பொய், ஏமாத்து, அடிதடி, வாங்கின கடனைக் கட்டாதது, செஞ்சதுக்கு துளி வருத்தமும் இல்லாதது, இந்த மாதிரி டிஎஸ்எம்-5ல, அதாவது மனநோய்களைக் கண்டுபிடிக்க டாக்டருங்க பாக்கற கையேட்டுல, 7 அடையாளம் இருக்கு, அதுல குறைஞ்சது 3 அடையாளமாவது 15 வயசுல இருந்தே தொடர்ந்து இருக்கணும்.

கேள்வி: சைக்கோபாத்னா இதேதானா?

பதில்: ஒண்ணு இல்ல. அதுக்கு ராபர்ட் ஹேர் உருவாக்கின செக்லிஸ்ட் தனியா இருக்கு, 20 அம்சம், 40 மார்க். ஜெயில்ல இந்த ஆன்டிசோஷியல் டிசார்டர் இருக்கறவங்கள்லயே நிறைய பேர் சைக்கோபாத்னு சொல்ற அளவுக்கு மார்க் வாங்க மாட்டாங்க.

கேள்வி: மேடம், என் பையனுக்கு 12 வயசு. பசங்களை அடிக்கறான், வீட்ல காசு எடுக்கறான், போன வாரம் நாய்க்குட்டி கால்ல கல்லால அடிச்சிட்டான். சைக்கோ ஆயிடுவானோன்னு தூக்கமே வரல.

பதில்: அம்மா, முதல்ல அந்த வார்த்தையை அவன் காதுபட சொல்லாதீங்க, சொந்தக்காரங்களையும் சொல்ல விடாதீங்க. 18 வயசுக்கு முன்னாடி யாருக்கும் இந்த டயக்னோசிஸ் போடக்கூடாது. இந்த வயசுல இதை கான்டக்ட் டிசார்டரான்னுதான், அதாவது குழந்தைங்களுக்கு வர்ற நடத்தைக் கோளாறான்னுதான் பாப்பாங்க, அப்படி இருந்த பசங்கள்ல நிறைய பேர் பெரியவங்களானதும் நல்லாவே இருக்காங்க. ஆனா தானா சரியாகும்னு விட்டுடாதீங்க, நம்ம பெங்களூர் மனநல ஆஸ்பத்திரி நிம்ஹான்ஸ்ல குழந்தைங்களுக்குன்னு தனி டிபார்ட்மென்ட் இருக்கு, அங்க கூட்டிட்டு போங்க, ஏடிஹெச்டி (கவனக்குறைவு, ஓயாத துறுதுறுப்பு) இருக்கா, படிக்கறதுல கஷ்டமா, யாராவது இவனை அடிக்கறாங்களான்னு எல்லாம் பாப்பாங்க. அப்புறம் பயிற்சி பெரும்பாலும் உங்களுக்குத்தான்மா, அவனுக்கு இல்ல. நல்லது செஞ்சா உடனே சொல்றது, தப்பு செஞ்சா சின்ன தண்டனையா இருந்தாலும் தினமும் ஒரே மாதிரி குடுக்கறது, பெல்ட்டை தூக்கி உள்ள வைக்கறது. அடி வாங்கற பையன் அடிக்கத்தான் கத்துக்கறான், இதை நான் எத்தனையோ வீட்ல பாத்துட்டேன்.

கேள்வி: அக்கா, அல்சூர்ல இருக்கேன். வீட்டுக்காரர் குடிச்சிட்டு அடிக்கறார், மறுநாள் பூ வாங்கிட்டு வந்து அழறார். இது இந்த நோயா, மருந்து இருக்கா?

பதில்: நான் பாக்காத மனுஷனுக்கு நோய்ப்பேர் வைக்க மாட்டேன்மா. அடிக்கற ஆம்பளைங்கள்ல நிறைய பேருக்கு இந்த டிசார்டரே கிடையாது. இதுக்குன்னு தனி மருந்தும் இல்ல, ஆனா குடிக்கு ட்ரீட்மென்ட் இருக்கு, அவர் சம்மதிச்சா அங்க இருந்து ஆரம்பிக்கலாம். அரசாங்கத்தோட மனநல ஹெல்ப்லைன் டெலி மானஸ் 14416ல தமிழ்லயே பேசலாம். ஆனா அவருக்கு என்ன நோய்னு தெரியற வரைக்கும் நீங்க அடி வாங்கிட்டு காத்திருக்க வேண்டாம். பெண்களுக்கான ஹெல்ப்லைன் 181க்கு போன் பண்ணுங்க, 2005ல வந்த குடும்ப வன்முறை சட்டம் உங்களுக்காகத்தான் இருக்கு. ஆதார், பேங்க் பாஸ்புக், கொஞ்சம் காசு, பசங்க சர்டிஃபிகேட் எல்லாம் நம்பிக்கையான ஒருத்தர் வீட்ல வச்சிடுங்க. கிளம்பறதா இருந்தா அவர்கிட்ட முன்னாடியே சொல்லாதீங்க, அந்த நேரம்தான் ஆபத்து ஜாஸ்தி.