மாற்றிய இடுப்பு மூட்டு உள்ளே அரிக்குமா? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: அப்பாவுக்கு வயது 72. 2008இல் லண்டனில் அண்ணனோடு இருந்தபோது வலப்பக்க இடுப்பு மூட்டை மாற்றினார்கள். இப்போது எங்களோடு இருக்கிறார். ஆறேழு மாதமாகத் தொடை மடிப்பில் நோ, நடந்தால் நொண்டுகிறார். எக்ஸ்ரேயில் மூட்டு நல்லாய் இருக்கிறதாம். "உள்ளுக்குள் துருப்பிடித்திருக்கும்" என்று ஒருவர் சொல்லிவிட்டார். துருப்பிடிக்காத உலோகம்தானே வைப்பார்கள்?
— வாசகி, கிளிநொச்சி

பதில்: இரும்பில் செந்நிறமாய்ப் பூக்கும் துரு இதில் வராது. ஆனால் உலோகம் கரைந்து தேயும் அரிப்பு வரக்கூடும். அப்பாவுக்கு மூட்டு மாற்றிய ஆண்டைப் பார்த்தால் இதைத் தள்ளிப்போடக் கூடாது.

மாற்று மூட்டில் தொடை எலும்புக்குள் இறங்கும் தண்டு, அதன் கழுத்தில் அடித்துப் பொருத்திய உருண்டைத் தலை, இடுப்பெலும்பில் பதித்த கிண்ணம் ஆகியன இருக்கும். தண்டு பெரும்பாலும் டைட்டேனியம். தலை கோபால்ட்–குரோமியக் கலப்புலோகமாகவோ செராமிக்காகவோ இருக்கும். இந்த உலோகங்களைக் காப்பது அவற்றின் மேல் தானாகப் படியும் மிக மெல்லிய ஒட்சைட்டுப் படலம். கழுத்தும் தலையும் சேரும் இடத்தில் ஒவ்வோர் அடிக்கும் நுண்ணிய அசைவு ஏற்பட்டு அந்தப் படலம் உரசுப்படும். இடுக்குக்குள் புகுந்த உடல் திரவத்தில் ஒட்சிசன் குறைந்து, குளோரைட்டு கூடி, அமிலத்தன்மை ஏறும். படலம் திரும்பப் படிய முடியாமல் கோபால்ட் கரைந்து வெளியேறும். தோட்டத்து நீர்க்குழாய் நெடுகிலும் நன்றாயிருக்க, பூட்டுப் போட்ட இடம் மட்டும் அரித்துப்போவதைப் பார்த்திருப்பீர்கள். 36 மில்லிமீற்றரும் அதற்கு மேலும் விட்டமுள்ள பெரிய தலைகளில் கழுத்தை முறுக்கும் விசை அதிகம். அரிப்புக்கு அது இடம் கொடுக்கும்.

உலோகம் கரையும் இரண்டாவது வகை, தலையும் கிண்ணமும் இரண்டுமே உலோகமாகி ஒன்றோடொன்று உரசும் மூட்டு. 2000களில் உலகெங்கும் நிறையப் பொருத்தினார்கள். அவற்றில் ஒன்றான டெப்யூ நிறுவனத்தின் ஏ.எஸ்.ஆர். மூட்டு 2010 ஓகஸ்டில் உலகளவில் மீளப்பெறப்பட்டது. அப்பாவுடையது எந்த வகை என்று தெரியாமல் மேற்கொண்டு எதையும் சரியாகத் தீர்மானிக்க முடியாது. சத்திரசிகிச்சைக் குறிப்பில் ஒவ்வொரு பாகத்தின் பெயரும் தொடரிலக்கமும் கொண்ட ஒட்டிகள் இருக்கும். அப்பா கையொப்பமிட்ட கடிதத்தோடு அண்ணனை அந்த வைத்தியசாலையின் பதிவேட்டுப் பிரிவில் கேட்கச் சொல்லுங்கள். கிடைத்ததும் ஒரு பிரதியைக் கிளினிக் கொப்பிக்குள் ஒட்டிவிடுங்கள்.

எக்ஸ்ரே நன்றாயிருப்பதை வைத்து ஆறுதலடைய வேண்டாம். கரைந்த உலோகம் முதலில் தாக்குவது தசையையும் மூட்டைச் சுற்றிய மென்மையான திசுக்களையும். திரவம் நிறைந்த கட்டியாக அது வீங்கியிருந்தாலும் எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம்.

அரிப்பைத் தேடுமுன் கிருமித் தொற்று இல்லையென்று உறுதிசெய்ய வேண்டும். உடலில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் ஈ.எஸ்.ஆர்., சீ.ஆர்.பி. என்ற இரத்தப் பரிசோதனைகள் இரண்டையும் முதலில் செய்யுங்கள். உலோக அரிப்பிலும் இவை ஏறக்கூடும் என்பதால், ஏறியிருந்தால் மூட்டிலிருந்து ஊசியால் திரவம் எடுத்துப் பார்ப்பார்கள். அதற்கு முன் பாமசியில் அன்டிபயோட்டிக் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள், கிருமி வளராமல் முடிவு பிழைத்துவிடும். திரவத்தின் கலங்களை நுணுக்குக்காட்டியில் கையால் எண்ணச் சொல்லிக் கேட்பதும் அவசியம். உலோகத் துகளையும் சிதைந்த கலங்களையும் இயந்திரம் வெண்குருதிக் கலங்களாக எண்ணிவிடும். காய்ச்சலோ, மூட்டில் சூடோ, தழும்பிலிருந்து கசிவோ இருந்தால் கிளினிக் நாளுக்குக் காத்திருக்காமல் அன்றே கொண்டுபோங்கள்.

கேள்வி: கோபால்ட் இரத்தப் பரிசோதனையில் 119 என்று வந்திருக்கிறது. 7க்கு மேல் போனால் ஆபத்து என்கிறார்கள். கைகால் ஓடவில்லை.
— வாசகர், வவுனியா

பதில்: முதலில் அலகைப் பாருங்கள். லீற்றருக்கு 7 மைக்ரோகிராம் கோபால்ட் என்பதும் 119 நனோமோல் என்பதும் ஒரே அளவு. குரோமியத்தில் அதே 7 மைக்ரோகிராம் ஏறத்தாழ 135 நனோமோல். ஆகவே உங்கள் அறிக்கை நனோமோலில் இருந்தால் எல்லைக்கோட்டில் நிற்கிறீர்கள்: மூட்டை ஸ்கான் செய்ய வேண்டும், மூன்று மாதத்தில் இரத்தத்தை மறுபடி பார்க்க வேண்டும். மைக்ரோகிராமில் 119 என்றால் உடனடியாக நிபுணரைக் காண வேண்டும்.

இந்த 7 என்பது உலோகத்தோடு உலோகம் உரசும் மூட்டுக்கான அளவு. தலை உலோகம், கிண்ண உறை பிளாஸ்டிக் என்றால் கோபால்ட் 1 மைக்ரோகிராமைத் தாண்டி, குரோமியத்தைவிடத் தெளிவாகக் கூடியிருந்தாலே கழுத்து அரிப்பைச் சந்தேகிக்கலாம்.

மாதிரி எடுத்த விதமும் முக்கியம். சுவட்டு (மிகச் சிறிதளவு) உலோகங்களை அளக்கவென உள்ள, இரத்தம் உறையாமல் காக்கும் ஈ.டி.ரி.ஏ. குழாயில் முழு இரத்தமாக எடுக்க வேண்டும். ஊசியின் உருக்கிலிருந்தும் குரோமியம் கலக்கும். நாளத்துக்குள் பிளாஸ்டிக் கனூலா (மெல்லிய குழாய்) வைத்து, முதல் 5 மில்லிலீற்றரை ஒதுக்கிவிட்டு அடுத்ததை அனுப்புவதே நல்லது.

கோபால்ட் வெளியேறுவது சிறுநீர் வழியாக. வவுனியாப் பக்கம் சிறுநீரக நோய் பரவலாக இருப்பதால் சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறதென்று காட்டும் கிரியற்றினின் அளவையும் கூடவே பாருங்கள். சிறுநீரகம் பழுதென்றால் மூட்டு கொஞ்சம் அரித்தாலும் அளவு ஏறும். நோவுக்கென்று டைக்குளோபெனாக் குளிசையை மாதக்கணக்கில் விழுங்குவது இந்த நிலையில் இரட்டைக் கேடு. காது இரைச்சல், கேட்கும் திறன் குறைதல், பார்வை மங்கல், கால் விறைப்பு, மூச்சு வாங்குதல் இருந்தால் வைத்தியரிடம் மறக்காமல் சொல்லுங்கள். கோபால்ட் மிகையானால் நரம்பு, தைரொயிட், இதயம் எல்லாமே பாதிக்கப்படலாம்.

கேள்வி: அம்மாவுக்கு மாற்று மூட்டு இருக்கிறது. உடம்பில் ஷெல் துண்டுகளும் இருக்கின்றன. எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா?
— வாசகர், புதுக்குடியிருப்பு

பதில்: மூட்டு தடையல்ல. கோபால்ட்–குரோமியத்தையும் டைட்டேனியத்தையும் காந்தம் இழுத்துப் பெயர்க்காது. படத்தில்தான் நிழல் விழும். உலோக நிழலைக் குறைக்கும் முறையில் எடுக்கும்படி எழுதிக் கேளுங்கள். ஷெல் துண்டுதான் கவனம். அது காந்தத்தில் இழுபடும் உருக்காக இருக்கலாம். கண், முள்ளந்தண்டு, பெரிய இரத்தக்குழாய் அருகே இருந்தால் அசைந்து பெரும் கேடு செய்யும். பழைய எக்ஸ்ரேக்களையெல்லாம் கொண்டுபோய், காயப்பட்ட ஒவ்வோர் இடத்தையும் ஸ்கான் அறையில் காட்டுங்கள். தழும்பு ஆறி மறைந்த இடத்தையும் விடாதீர்கள். எடுக்க முடியாதென்றால் அல்ட்ராசவுண்ட் திரவத்தையும் கட்டியையும் காட்டும். எலும்புத் தேய்வுக்குச் சீ.ரி. உண்டு.

கேள்வி: அரிப்பு உறுதியானால் முழு மூட்டையும் கழற்றுவார்களா? மருந்தால் உலோகத்தை வெளியேற்ற முடியாதா?
— வாசகர், மாங்குளம்

பதில்: அரிக்கும் இடத்தை அப்படியே விட்டு மருந்து கொடுப்பதால் பலனில்லை. கழுத்து தேயாமல், தண்டு எலும்பில் இறுகியிருந்தால் அதை விட்டுவைத்து, கழுத்தைத் துப்புரவாக்கி, டைட்டேனியம் உறையோடு செராமிக் தலை பொருத்துவார்கள். பெரும்பாலும் கிண்ண உறையையும் மாற்றுவார்கள். கழுத்து தேய்ந்திருந்தால் தண்டையும் எடுக்க வேண்டும், அது பெரிய சத்திரசிகிச்சை. முன்பு வைத்த செராமிக் உடைந்திருந்தால் அந்த இடத்தில் உலோகத் தலை வைக்கவே கூடாது. மிஞ்சிய செராமிக் தூள் உலோகத்தை அராவி, இரத்தத்தில் கோபால்ட் பன்மடங்கு ஏறி இதயமே செயலிழந்தவர்கள் உண்டு.

காலம் தாழ்த்தினால் இடுப்பைப் பிடித்து நிறுத்தும் தசை அழிந்துவிடும். பிறகு எவ்வளவு நல்ல மூட்டு வைத்தாலும் கழன்று கழன்று வரும். திகதி கிடைக்கும்வரை பாரம் தூக்க வேண்டாம், குந்தியிருக்கவும் வேண்டாம். ஊன்றுதடியை நோவில்லாத பக்கத்துக் கையில் பிடித்து நடக்கட்டும்.