ஒரே ஒரு வெற்றி – கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் கனடாவில் ஹாமில்டன் நகரில் வசிக்கிறேன். 1961 ஆகஸ்ட் 8 அன்று நடந்த காட்சி ஆட்டத்தில் எங்கள் ஊர் டைகர்-கேட்ஸ் அணி அமெரிக்காவின் பஃபலோ பில்ஸ் அணியை 38-21 என்று தோற்கடித்தது. இதைச் சொன்னால் என்னுடன் வேலை செய்யும் அமெரிக்க நண்பர் சிரிக்கிறார். முட்டைப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் எங்கள் கனடா ஃபுட்பால், அமெரிக்க ஃபுட்பாலைவிடத் தரத்தில் குறைந்ததா? இன்று மோதினால் யார் ஜெயிப்பார்கள்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

இன்று யார் ஜெயிப்பார்கள் என்பதை இரு பக்கத்துச் சம்பளத்தைப் பார்த்தாலே தெரிந்துகொள்ளலாம். அதை விடுங்கள்.

நண்பரின் சிரிப்பிலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. பஃபலோ அன்று அமெரிக்காவின் பெரிய தொடரான என்.எஃப்.எல். அணியே அல்ல. அதற்குப் போட்டியாக முளைத்த ஏ.எஃப்.எல்.லில் ஒரே ஒரு பருவம் ஆடியிருந்த அணி. அந்த 1961இல் 6 வெற்றி, 8 தோல்வியோடு தன் பிரிவில் கடைசியாகத்தான் வந்தது. 1950இல் என்.எஃப்.எல்.லின் நியூயார்க் ஜயன்ட்ஸ் உங்கள் நாட்டு ஒட்டாவாவை 27-6 என்றும், 1959இல் சிகாகோ கார்டினல்ஸ் டொரன்டோவை 55-26 என்றும், மறு ஆண்டு பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அதே டொரன்டோவை 43-16 என்றும் அடித்துவிட்டுப் போனதை ஏன் எழுதாமல் விட்டீர்கள்? வரவை மட்டும் எழுதிவிட்டுச் செலவுப் பக்கத்தைக் கிழித்துப் போடுவது கணக்காகாது.

எனக்கு எரிச்சல் வந்தது அதனால் அல்ல. 'தரத்தில் குறைந்ததா' என்று கேட்டீர்களே, அதனால்.

உங்கள் ஊருக்கு நான் வந்திருக்கிறேன். பழைய ஐவர் வின் மைதானம் அப்போது இடிபடவில்லை. சுற்றிலும் குடியிருப்பு. ஒரு வீட்டு முன்புறப் புல்தரையில் அக்கா மகன் காரை நிறுத்தினான். அந்த வீட்டுக் கிழவர் காசை வாங்கி பிஸ்கட் டப்பாவில் போட்டுக்கொண்டார். அதுவரை அமெரிக்க ஆட்டத்தை மட்டுமே தொலைக்காட்சியில் பார்த்தவன் நான். இரண்டு முயற்சி தோற்றதும் பந்தை உதைத்து எதிரியிடமே கொடுத்தார்கள். "என்னடா, இதற்குள் கைவிட்டுவிட்டார்கள்?" என்றேன். "மாமா, பத்து கெஜம் முன்னேற அமெரிக்காவில் நாலு முயற்சி, இங்கே மூன்றுதான். நாலாவது கிடையாது" என்றான்.

அந்த ஒரு முயற்சி குறைவதில் ஆட்டமே மாறிவிடுகிறது. பத்து கெஜத்தை மூன்று முயற்சியில் கடக்க வேண்டுமானால் இடித்துத் தள்ளி அங்குலம் அங்குலமாக நகர்ந்து பயனில்லை, வீசியாக வேண்டும். வீசுவதற்கு இடமும் இருக்கிறது. 110 கெஜ நீளம், 65 கெஜ அகலம். அமெரிக்காவில் நீளம் 100, அகலம் 53 சொச்சம். இங்கே ஆளும் பன்னிரண்டு. பந்து புறப்படும் முன்பே பின்னால் நிற்பவர்கள் ஓடிவந்து வேகம் பிடிக்கலாம். உதைத்த பந்தை எதிரணி தன் கோல் பகுதியிலிருந்து வெளியே கொண்டுவராவிட்டால் ஒரு புள்ளி, ரூஜ் என்பார்கள். அந்த ஒற்றைப் புள்ளிக்கு எனக்குப் பின்வரிசையில் ஒரு பாட்டி எழுந்து நின்று கைதட்டினாள். நான் சிரித்தேன். உங்கள் நண்பரின் அதே சிரிப்புதான், இன்று நினைத்தால் கூசுகிறது.

அந்த அமெரிக்க ஆட்டம்தான் எங்கிருந்து வந்தது? 1874 மே மாதம் கனடாவில் மான்ட்ரியலின் மெக்கில் பல்கலைக்கழக மாணவர்கள் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்குப் போனார்கள். முதல் நாள் ஹார்வர்டின் விதி, உருண்டைப் பந்து. மறுநாள் மெக்கிலின் ரக்பி விதி, முட்டைப் பந்து. பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடும் அந்த இரண்டாம் நாள் ஆட்டம் ஹார்வர்டுக்குப் பிடித்துப்போயிற்று. மறு ஆண்டு இன்னொரு அமெரிக்கப் பல்கலைக்கழகமான யேலோடு ஆடியபோது அந்தச் சாயலில்தான் ஆடினார்கள். வேறு வேறு விதி உள்ள இருவர் மோதினால் ஆளுக்கொரு நாள் என்று பிரித்துக்கொள்ள அந்தப் பையன்களுக்குத் தெரிந்திருந்தது. நீங்களோ அவர்கள் முழக்கோலை நீங்களே வாங்கிவந்து உங்கள் வேட்டியை அளந்துகாட்டி, குட்டையா என்று கேட்கிறீர்கள்.

போகட்டும். அந்த 38-21ஐ நினைத்து நீங்கள் சந்தோஷப்படுவதில் எனக்கும் சந்தோஷம்தான். நண்பர் அடுத்த முறை சிரித்தால் குக்கி கில்கிறிஸ்ட் யார் என்று கேளுங்கள். ஹாமில்டன் 1957இல் கனடா ஃபுட்பாலின் சாம்பியன் கோப்பையான கிரே கோப்பையை வென்றபோது அந்த அணியில் இருந்தவர். 1962இல் பஃபலோவுக்குப் போய், ஒரே பருவத்தில் ஆயிரம் கெஜத்துக்கு மேல் ஓடினார். ஏ.எஃப்.எல்.லில் அதற்கு முன் யாரும் அவ்வளவு ஓடியதில்லை.