ஒலிப்பதிவு கேள்வி-பதில்: இரண்டு மைக், இரண்டு கடிகாரம்

கேள்வி: லினக்ஸ் கணினியில் பாட்டை யுஎஸ்பி மைக்கிலும், மிருதங்கத்தை ஆடியோ இன்டர்ஃபேஸிலுமாக (மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டி), இரண்டு மென்பொருளில் பதிகிறோம். இரண்டுமே 48,000 ஹெர்ட்ஸ்தான், அதாவது நொடிக்கு 48,000 சாம்பிள் (ஒலி அளவீடு). ஆனாலும் கச்சேரி முடிவதற்குள் தாளம் விலகிவிடுகிறது. பஃபரைக் (ஒலித் தரவு தற்காலிகமாகத் தங்கும் இடம்) கூட்டியும் பலனில்லை.
- வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: இது பஃபர் கோளாறு இல்லை. இரண்டு கருவிக்குள்ளும் கடிகாரமாகத் தனித்தனி கிரிஸ்டல் துடிக்கிறது. 48,000 என்று போட்டிருந்தாலும் அச்சாக ஒரே வேகத்தில் ஓடாது. பத்து லட்சத்துக்கு 50 வித்தியாசம் இருந்தாலே நொடிக்கு 2.4 சாம்பிள், ஒரு மணி நேரத்தில் 0.18 நொடி. தாளத்துக்கு அது மிகப் பெரிய பிசகு.

இரண்டு மைக்குக்கும் நடுவில் ஜால்ராவைத் தொடக்கத்தில் ஒரு தட்டு, முடிவில் ஒரு தட்டு தட்டிப் பதியுங்கள். திரையில் அலையைப் பெரிதாக்கி முதல் தட்டுகளைப் பொருத்தினால், கடைசித் தட்டுகளுக்கு இடையே தெரியும் இடைவெளிதான் விலகல். அந்த அளவுக்கு ஒரு டிராக்கை நீட்டியோ சுருக்கியோ பழைய பதிவுகளைக் காப்பாற்றலாம்.

இனிமேல் பாட்டுக்கும் எக்ஸ்எல்ஆர் மைக் (யுஎஸ்பி இல்லாமல் இன்டர்ஃபேஸில் சொருகும் வகை) வாங்கி, இரண்டையும் ஒரே இன்டர்ஃபேஸில் சொருகுங்கள். அதுவரை பைப்வயர் (லினக்ஸில் ஒலியைக் கையாளும் சேவை) வழியாக ஒரே மென்பொருளில் பதியுங்கள். அது ஒரு கருவியின் கடிகாரத்தைத் தலைமையாக வைத்து, மற்றதை ரீசாம்பிள் செய்து (சாம்பிள்களை அந்த வேகத்துக்கு மாற்றிக் கணக்கிட்டு) கூடவே இழுத்து வரும்.

கேள்வி: கல்லூரி புராஜெக்டுக்காக எழுதும் சிறு இயங்குதளத்தில் ஒலிக்கான இன்டர்ஃபேஸ் (நிரல்கள் ஒலிக் கருவியோடு பேசும் அழைப்புகள்) எப்படி இருக்க வேண்டும்? ஃபைலில் எழுதுவதுபோல் ரைட் அழைப்பு மட்டும் போதாதா?
- மாணவி, கடலூர் முதுநகர்

பதில்: பாட்டு ஒலிக்க அது போதும், வாசிக்கும்போதே கேட்க வேண்டுமென்றால் போதாது. ஒலிக் கருவிக்குத் தேவைப்படும்போது அது கேட்க, நிரல் நிரப்பித் தரட்டும்: கால்பேக் முறை. 48,000 ஹெர்ட்ஸில் ஒரு முறைக்கு 128 ஃப்ரேம் (ஒரே கணத்தில் எல்லா சேனலுக்குமான சாம்பிள்கள்) என்றால் கையில் இருப்பது 2.67 மில்லி நொடிதான். அதற்குள் மெமரி ஒதுக்குவது, லாக்குக்கு (வேறொரு வேலை பிடித்து வைத்திருக்கும் பூட்டு) காத்திருப்பது, டிஸ்க் படிப்பது கூடவே கூடாது. ஒரு முறை தாமதித்தாலும் 'டப்' என்று கேட்கும். டிஸ்க் வேலையைத் தனி த்ரெட்டுக்கு (இணையாக ஓடும் நிரல் பகுதி) கொடுத்து, நடுவில் லாக் இல்லாத ரிங் பஃபர் (வட்டமாகச் சுற்றி நிரம்பும் பஃபர்) வையுங்கள்.

ஒவ்வொரு முறையும் ஒரே எண்ணிக்கையில் ஃப்ரேம் வரும் என்று நம்பி எழுதாதீர்கள். ஹை-ஸ்பீடு யுஎஸ்பி 125 மைக்ரோ நொடிக்கு ஒரு பொட்டலம் அனுப்பினால், 48,000-க்கு 6 ஃப்ரேம் சரியாக அமையும், 44,100-க்கு 5.5125 வருவதால் 5, 6 என்று கலந்துதான் போகும்.

இதுவரை ஓடிய ஃப்ரேம் எண்ணிக்கையையும், அந்தக் கணத்தின் நேரத்தையும் ஒரே அழைப்பில் சேர்த்துக் கொடுங்கள். தனித்தனியாகக் கொடுத்தால் இடையில் கடிகாரம் நகர்ந்துவிடும். அப்படி ஆனால், மேலே முத்தியால்பேட்டை வாசகர் கேட்ட விலகலை எந்த நிரலாலும் சரியாக அளக்க முடியாது. பஃபர் வறண்ட ஒவ்வொரு முறையையும் எண்ணி நிரலுக்குத் தெரிவியுங்கள். மௌனத்தை நிரப்பி மறைத்தால், பிழை எங்கே என்று தேட வழியே இருக்காது.